கணவாய்க்கு இந்தப் பக்கம்

பர்னபி
25 மே 1986

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். என் மூட்டுவலி மட்டும் மழையோடு வந்தது, மழை போன பிறகும் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அண்ணனின் முதுகு எப்படி? விதைப்பு ஆரம்பித்தால் டிராக்டரை விட்டு இறங்கவே மாட்டாரே.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நிஜமாகவே ஜூலையில் காரை எடுத்துக்கொண்டு இருவரும் வருகிறீர்களா? இங்கே பக்கத்தில் வான்கூவரில் நடக்கும் உலகக் கண்காட்சியைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று அண்ணன் ஊரில் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. வந்தால் போதும்.

பத்து வருஷமாக நான் குர்தேவோடு குடித்தனம் நடத்துகிறேன். என் கூடப்பிறந்தவர் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. கூப்பிட்டால் விதைப்பு, அது முடிந்தால் அறுவடை, அதுவும் முடிந்தால் பனி. முதல் புருஷனை விட்டுவிட்டுத் தலைப்பாகைக்காரனோடு போனவள் என்று பெர்கன்டேலில் என்னைப் பேசுவது எனக்குத் தெரியாதா அண்ணி? ஊர் பேசட்டும். அண்ணன் என்ன நினைக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். நல்லதாகவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை.

குர்தேவ் ஜூலை நடுவில் ஒரு வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டார். பின்னறைக்கு அவரே வெள்ளையடித்தார். அண்ணனின் முதுகுக்காகக் கெட்டியான மெத்தை வாங்கி வந்திருக்கிறார். நேற்று என்னிடம், "உன் அண்ணனுக்குக் காரம் ஆகுமா?" என்று கேட்டார். "மிளகுத்தூளைப் பார்த்தாலே தும்முவாரு" என்றேன். "அப்ப சால்மன் மீனைச் சுட்டுப் போட்டுடலாம், அதுல சண்டை வராது" என்கிறார்.

வாருங்கள் அண்ணி. வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் நாத்தனார்,
இங்கா


பெர்கன்டேல், சஸ்காட்செவன்
14 ஜூன் 1986

அன்புள்ள இங்கா,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாத்திரையை நம்பி உட்காராதே. உன் அண்ணனின் முதுகு வழக்கம்போல முனகுகிறது, வாய் வழக்கம்போல வீறாப்பு பேசுகிறது. விதைப்பு முடிந்தது. நல்ல மழையும் விழுந்தது.

வருவது நிச்சயம். படுக்கை வசதியுள்ள கூண்டு வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வருகிறோம். ரெஜைனா, சைப்ரஸ் குன்றுகள், கல்கரியில் குதிரைத் திருவிழா, பிறகு பான்ஃப் பூங்கா, லூயிஸ் ஏரி. அங்கிருந்து கணவாயைத் தாண்டிவிட்டால் உன் பக்கம்தான். பன்னிரண்டாம் தேதி உன் வீட்டில் சாப்பாடு. வழியில் ஏதாவது எழுத நினைத்தால் பான்ஃப் தபால் நிலையத்துக்கு எங்கள் பெயர் போட்டு அனுப்பு, போய் வாங்கிக்கொள்வேன்.

கூட்டுறவுக் கடை உணவகத்தின் காபி மேசையில் இப்போது இதே பேச்சுதான். காலை பத்து மணிக்கு ஊர் ஆண்கள் மொத்தமும் அங்கேதானே கிடக்கிறது. க்ளாரன்ஸ் இவரைச் சீண்டியிருக்கிறார். "நீ பார்த்த பெரிய மேடு எலி வளை மண்ணுதானேடா. மலையில கார் ஓட்டுவியா?" இவர் விடுவாரா? "நாப்பது வருஷமா டிரக் ஓட்டறவன்டா நான். மலைன்னா என்ன, கொஞ்சம் சாய்ஞ்ச வயல். அவ்ளோதான்." அந்த மேசையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வான்கூவரிலிருந்து தபால் அட்டை போடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நீ கேட்டதை நான் அவரிடம் கேட்கவில்லை இங்கா. அவர் வாயைத் திறந்து பதில் வாங்குவது கஷ்டம் என்று உனக்கே தெரியும். வருகிறாரே, அதையே பதிலாக எடுத்துக்கொள்.

குர்தேவுக்கு எங்கள் வணக்கம்.

அன்புடன்,
லோர்னா


பான்ஃப்
9 ஜூலை 1986

அன்புள்ள இங்கா,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம்.

ரெஜைனாவில் சட்டசபைத் தோட்டத்தில் நடந்து நடந்து என் கால் வீங்கியது. சைப்ரஸ் குன்றுகளில் உன் அண்ணன் சின்னப் பையன் மாதிரி ஏரியில் இறங்கிக் குளித்தார். கல்கரி திருவிழாவில் வண்டிப் பந்தயத்தைப் பார்த்துக் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவரிடம், "என் தங்கச்சி வீட்டுக்குப் போறோம், பசிபிக் கரைக்கு" என்று அவராகவே சொன்னார். என் காதால் கேட்டேன்.

கல்கரியை விட்டு மேற்கே வந்ததும் மலைகள் தெரிய ஆரம்பித்தன. அதன் பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது. அழகைப் பார்த்து வாயடைத்துப் போனார் என்று வைத்துக்கொள்ளேன். பான்ஃபில் மான்கள் கடைத்தெருவில் நம் ஊர் மாடு மாதிரி நடக்கின்றன. சுடுநீர் ஊற்றில் குளித்தோம். கம்பியில் தொங்கிக்கொண்டு மலைக்கு மேலே போகிற பெட்டியில் நான் மட்டும் ஏறினேன். அவர் கீழே இருந்து கூண்டு வண்டியைப் பார்த்துக்கொண்டார்.

நேற்றுக் காலை கிளம்பினோம், ஆனால் திரும்பிவிட்டோம். பிரேக்கில் ஏதோ சத்தம் கேட்கிறதாம். எனக்குக் கேட்கவில்லை. அவர்தானே ஓட்டுகிறார், அவருக்குத்தான் தெரியும். இன்னும் சில நாள் இங்கேயே இருக்கலாம் என்கிறார். பன்னிரண்டாம் தேதிக்கு வந்து சேர முடியாது போலிருக்கிறது. குர்தேவ் லீவைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா? கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
லோர்னா


பர்னபி
15 ஜூலை 1986

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? பான்ஃப் குளிரில் இராத்திரி காலுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

லீவைத் தள்ளிப் போட முடியாது அண்ணி. திங்கட்கிழமை ஆரம்பித்துவிட்டது. மனிதர் இரண்டு நாளாக வீட்டிலேயே இருக்கிறார். புல் வெட்டியாகிவிட்டது, ஜன்னல் துடைத்தாகிவிட்டது. தெருவில் எந்தக் கார் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறார். குருத்வாராவில் எல்லோரிடமும் "என் மச்சான் வர்றார்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அவருடைய சினேகிதர்கள் மூன்று பேர் வீட்டில் உங்களுக்கு விருந்து. என் முகத்தைப் பார்த்து எல்லோரும், "வந்துட்டாங்களா?" என்று கேட்கும்போது நான் தொலைந்துபோகலாமா என்று இருக்கிறது.

பிரேக் விஷயத்தைச் சொன்னதும் அவர் உடனே, "கணவாய் இறக்கத்துல பிரேக்தான் முக்கியம். நானே பான்ஃப் போய்ப் பார்த்துக் குடுக்கறேன்" என்றார். மரம் ஏற்றிக்கொண்டு வாராவாரம் அந்த மலையைத் தாண்டுகிறவர் இல்லையா? அங்கே உள்ள பட்டறைக்காரர்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். வரட்டுமா? ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

பிரேக் தவிர வேறு ஏதாவது என்றாலும் எனக்குச் சொல்லுங்கள்.

இங்கா


கல்கரி
22 ஜூலை 1986

அன்புள்ள இங்கா,

உன் கடிதத்தை பான்ஃபில் வாங்கிக்கொண்டேன். உங்கள் இருவருக்கும் உடம்பு சுகமாக இருக்கட்டும். என் கால் தேவலை.

குர்தேவ் வர வேண்டாம். நாங்கள் கல்கரிக்குத் திரும்பிவிட்டோம். ஊர்ப்பக்கம் ஆலங்கட்டி மழை வரும் என்று வானொலியில் சொன்னார்களாம். பயிர் கெட்டுவிடும் என்று அவருக்குக் கவலை. ஆகையால் வீட்டுக்குப் போகிறோம். அடுத்த வருஷம் கட்டாயம் வருவோம்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இந்த உறைக்குள் ஐந்து அட்டைகள் வைத்திருக்கிறேன். கண்காட்சிப் படம் போட்டது. இங்கே மருந்துக் கடையில்கூட விற்கிறார்கள். உன் அண்ணன் காபி மேசைக்காரர்களுக்கு எழுதியிருக்கிறார். தபால்தலையும் ஒட்டிவிட்டேன். உன் ஊர் பெட்டியில் போட்டுவிடு. வான்கூவர் முத்திரை விழ வேண்டும், அவ்வளவுதான். அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்ததால் இப்படி. நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

குர்தேவிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதை நீயே பார்த்துச் சொல். எனக்கு வார்த்தை வரவில்லை.

லோர்னா


பர்னபி
2 ஆகஸ்ட் 1986

அண்ணிக்கு,

வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சுகமா என்று கேட்பது வழக்கம், ஆகவே கேட்கிறேன்.

அட்டைகளை நான் தபாலில் போடவில்லை. போடவும் மாட்டேன். என் வீட்டுக்கு வர முடியாது, ஆனால் என் ஊர் முத்திரை வேண்டும். இதைக் கேட்க அண்ணனுக்கு வெட்கமாக இல்லையா? எழுதி அனுப்ப உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

அட்டை திறந்துதானே இருக்கிறது, படித்தேன். கண்காட்சியில் எண்ணெய்க் கப்பல் அளவுக்குக் கட்டடம் என்று கதை விட்டிருக்கிறார். அது போகட்டும். க்ளாரன்ஸுக்கு எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குக் கை கால் ஓடவில்லை. "தங்கச்சி வீட்டில் தங்கியிருக்கிறோம். வீட்டை நன்றாக வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் குர்தேவ் சால்மன் மீன் சுட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷன். நீங்கள் பேசுவது போல இல்லை."

பத்து வருஷமாக அண்ணன் வாயிலிருந்து இந்த வார்த்தை வராதா என்று காத்திருந்தேன். வந்தேவிட்டது, பொய்யாக.

குர்தேவ் லீவு முடிந்து வேலைக்குப் போகும் முன் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். "ரோட்டுல வேலை நடக்குதோ என்னவோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் எனக்காகச் சாக்குத் தேடுகிறார் அண்ணி, அதை என்னால் பார்க்க முடியவில்லை. இந்த அட்டைகளை நான் அவருக்கு இன்னும் காட்டவில்லை.

ஆலங்கட்டி மழை உங்கள் பக்கம் விழவே இல்லை. செய்தித்தாள் இங்கேயும் வருகிறது. எங்களைப் பார்த்தால் அவமானமாக இருக்கிறது என்றால் அதை எழுதிவிடுங்கள்.

இங்கா


பெர்கன்டேல்
10 ஆகஸ்ட் 1986

அன்புள்ள இங்கா,

நீ திட்டியது அத்தனையும் எனக்கு உரியது. உன் மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

சொல்லவே மாட்டேன் என்று உன் அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை இப்போது மீறுகிறேன்.

பிரேக்கில் ஒன்றும் இல்லை. லூயிஸ் ஏரியைத் தாண்டியதும் பாதை இறங்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே ரயில் ஒன்று பொம்மை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் அதை அவரிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. கார் மெதுவானது, இன்னும் மெதுவானது, நடுப்பாதையில் நின்றேவிட்டது. "லோர்னா, கையை எடுக்க முடியல" என்றார். முகத்தில் இரத்தமே இல்லை. பின்னால் லாரிகள் வரிசையாக நின்று ஊதின. இறங்கி வந்த ஒரு லாரிக்காரர், "என்ன பெரியவரே, தூக்கமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். ஸ்டீரிங்கிலிருந்து இவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார் இங்கா. கைப்பிள்ளைக்குச் செய்வது போலச் செய்தார்.

அந்த மனிதரே எங்கள் காரைக் கீழே கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தார். உன் அண்ணன் பாறையில் கையை வைத்துத் தடவிக்கொண்டே மேட்டில் நடந்தார். போகிற காரில் எல்லாம் ஆட்கள் பார்த்தார்கள். அவர் கால்சட்டை நனைந்திருந்தது. இதை எழுதியது தெரிந்தால் ஜன்மத்துக்கும் என்னை மன்னிக்க மாட்டார். "சமவெளிக்காரங்க நிறைய பேருக்கு இப்படி ஆகும்மா" என்று லாரிக்காரர் ஆறுதலாகச் சொன்னார். அது இவர் காதில் விழுந்துவிட்டது.

அப்புறமும் பான்ஃபிலிருந்து தினம் காலையில் கிளம்புவார். ஏரிவரை போவோம், திரும்புவோம். நான் ஓட்டுகிறேன் என்றேன். அறுவடைக்குத் தானிய டிரக் ஓட்டுகிறவள்தானே நான். "பொண்டாட்டி ஓட்ட, நான் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு உட்காரவா?" என்று கத்தினார். ரயிலில் போகலாம் என்றேன். "அந்த ஜன்னல்லயும் அதே பள்ளம்தானே தெரியும்" என்றார். குர்தேவ் வாராவாரம் தாண்டுகிற மலை அது என்று நீ எழுதியதைப் படித்த அன்றுதான் கல்கரிக்குத் திருப்பினார்.

இப்போது தினமும் காபி மேசையில் உட்கார்ந்து, பார்க்காத கண்காட்சியை வர்ணித்துக்கொண்டிருக்கிறார். செய்தித்தாளோடு வந்த சிறு புத்தகத்தை மனப்பாடம் பண்ணியிருக்கிறார். "அட்டை வரலையேடா" என்று க்ளாரன்ஸ் கேட்டால் தபால்காரர்களைத் திட்டுகிறார். நான் பக்கத்து மேசையில் பெண்களோடு உட்கார்ந்து தலையாட்டுகிறேன். உன்னை நினைத்து அவமானம் இல்லை இங்கா. எங்களை நினைத்துத்தான்.

உன் அண்ணி,
லோர்னா


பர்னபி
24 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பாறையைத் தடவிக்கொண்டு நடந்தார் என்று எழுதினீர்களே, அதைத் தாங்க முடியவில்லை. அண்ணனுக்கு இப்போது தூக்கம் வருகிறதா? சாப்பிடுகிறாரா?

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். குர்தேவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நனைந்த விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அட்டையையும் காட்டினேன். முதலில் சிரித்தார். "நான் எப்ப இவருக்கு மீன் சுட்டுக் குடுத்தேன்? உப்பு சரியா இருந்துச்சாமா?" என்றார். அப்புறம் அட்டையைத் திரும்பப் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார்.

நான்தான் அவசரக்காரி. அவரிடம், அறுவடை முடிந்ததும் நீங்கள் போய் அவர்களைக் கூட்டி வந்துவிடுங்கள், நீங்கள் ஓட்டினால் அண்ணன் பின் சீட்டில் படுத்துக்கொள்ளட்டும் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"மலையைக் கண்டு பயந்தாருன்னா அதுல கேவலம் ஒண்ணுமில்ல. முதல் தடவை எனக்கும் பயமாதான் இருந்துச்சு. ஆனா மலை மட்டும்தானான்னு கேளு" என்றார்.

அவர் கேட்கச் சொன்னார், நான் கேட்கிறேன். எனக்கும் அது தெரிய வேண்டும். மலை மட்டும்தானா அண்ணி?

இங்கா


பெர்கன்டேல்
28 செப்டம்பர் 1986

அன்புள்ள இங்கா,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். அறுவடையில் தலை நிமிர நேரமில்லை. நடுவில் மழை பெய்து கோதுமை நனைந்தது. உன் அண்ணனுக்குத் தூசியால் இருமல். எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

சஸ்கட்டூன் பழம் இந்த வருஷம் நிறையக் காய்த்தது. இரண்டு பாட்டில் ஜாம் தனியாக அனுப்புகிறேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

தேவாலயத்துக்குப் புதுக் கூரை போடுகிறார்கள். க்ளாரன்ஸின் பெண்ணுக்கு நிச்சயமாகியிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

உன் கடிதம் சமையலறை மேசையிலேயே இருக்கிறது. நான் எடுத்து உள்ளே வைக்கவில்லை.

அன்புடன்,
லோர்னா


பெர்கன்டேல்
19 அக்டோபர் 1986

இங்கா,

எனக்குக் கடிதம் எழுத வராது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட எழுதினதில்லை. நீயும் அவரும் சுகமாக இருக்க வேண்டும். இருமல் போய்விட்டது.

லோர்னா உன் கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டாள், நான் படிக்க வேண்டும் என்றுதான். அறுவடை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவளைக் கேட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அவளிடமும் சொல்லவில்லை.

மலை மட்டும் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் காபி மேசையில் க்ளாரன்ஸ், "அங்க தரையில உட்கார வெச்சு, கையால சாப்பிடச் சொல்வாங்களாமே. தலைப்பாகை கட்டிக்கிட்டுத் திரும்பி வராதடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். "ரெண்டு நாள் மூக்கைப் பிடிச்சிக்கிட்டு இருந்துட்டு ஓடி வந்துடுவேன்" என்று நானும் சேர்த்துச் சொன்னேன். என் தங்கையைப் பற்றி, அவள் வீட்டைப் பற்றி. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

மலையில் கார் நின்றபோது உயிர் போகிற பயம். அது நிஜம். அந்தப் பயத்துக்கு நடுவிலும் உள்ளே ஒரு சின்ன நிம்மதி வந்தது. இனிமேல் உன் வீட்டுக்காரர் மேசையில் உட்கார வேண்டியதில்லை, ஊர்க்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று. கை விறைத்துக் கிடந்தது, மனம் அதைக் கணக்குப் போட்டது. லாரிக்காரன் என் விரலைப் பிரித்தபோது பட்ட வெட்கத்தைவிட அதற்காகத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

அட்டையில் எழுதியது பொய். ஆனால் எழுதி முடித்ததும் அப்படி நடந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

இதை அவருக்குப் படித்துக் காட்டு. எதையும் விட்டுவிடாதே.

ஆர்விட்


பர்னபி
27 அக்டோபர் 1986

அன்புள்ள அண்ணிக்கு,

ஜாம் வந்தது. சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. என் மூட்டு பரவாயில்லை. குர்தேவ் சுகம்.

அண்ணனின் கடிதத்தை வரிவிடாமல் படித்துக் காட்டினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "படி" என்றார், படித்தேன். முடித்ததும் எழுந்து போய் லாரியைக் கழுவினார். சுத்தமாக இருந்த லாரிதான். நான் என் அண்ணனுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. எப்படிப் பேசுவேன்? மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார்.

"மலைக்குப் பயந்தாருன்னு நீ சொன்னப்ப எனக்குப் பாவமா இருந்துச்சு. பாவம்னு நினைச்சு ரெண்டு நாள் பஸ்ல நான் போகமாட்டேன். இப்ப அவரே மனசுல இருந்ததை மறைக்காம சொல்லிட்டாரு, போறேன்."

ஆகவே வருகிறார். நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை காலை. உங்கள் காரை அவரே ஓட்டி உங்களை இங்கே கூட்டி வருவார். பனிப்பாதை அவருக்குப் பழக்கம், பயப்பட வேண்டாம்.

ஒரு நிபந்தனை உண்டு. அவர் வைத்தது அல்ல, நான் வைப்பது. பெர்கன்டேலில் பஸ் நிற்கும் இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். கூட்டுறவுக் கடை உணவக வாசல். வரும் நேரம் காலை பத்து மணி. அத்தனை பேரும் உள்ளே காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். குர்தேவ் தலைப்பாகையோடு அங்கே இறங்குவார். அடுத்த ஊரில் இறங்கச் சொல்லி அங்கே போய் அழைத்து வரலாம் என்ற யோசனை அண்ணனுக்கு வந்தால், அவர் வரவே வேண்டாம்.

அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்னும் இல்லை.

இங்கா


பெர்கன்டேல்
7 நவம்பர் 1986

அன்புள்ள இங்கா,

நாங்கள் மூவரும் சுகம். நாளைக் காலை கிளம்புகிறோம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்களே வந்து சேர்ந்துவிடலாம். இருந்தாலும் இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே எழுதாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

உன் அண்ணன் இராத்திரி முழுக்கப் புரண்டார். அடுத்த ஊர் யோசனை அவருக்கும் வந்தது, மறைக்க மாட்டேன். காலையில் சவரம் செய்யும்போது, "பஸ் அங்கயும் நிக்கும், இல்ல?" என்றார். நான் துண்டை எடுத்து நீட்டினேன். அப்புறம் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒன்பதரைக்கே போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்து மேசையில். பஸ் வந்தது. குர்தேவ் இறங்கினார். நீல நிறத் தலைப்பாகை, கையில் பை, கக்கத்தில் ஆப்பிள் பெட்டி. காபி மேசையில் எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. "யாருடா இது, வழி தவறி வந்தவனா?" என்றார் க்ளாரன்ஸ். உன் அண்ணன் எழுந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். இங்கா, நான் அப்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கோட்டும் இல்லாமல் தொப்பியும் இல்லாமல் குளிரில் வெளியே நின்று குர்தேவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படியே காருக்கு அழைத்துப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் ஆப்பிள் பெட்டியைத் தான் வாங்கிக்கொண்டு குர்தேவை உள்ளே கூட்டி வந்தார்.

"இவர்தான் குர்தேவ். எங்க வீட்டு மாப்பிள்ளை. என்னை வான்கூவர் கூட்டிட்டுப் போக வந்திருக்கார்" என்றார்.

பரிமாறுகிற பெண் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து குர்தேவ் முன்னால் வைத்தாள். குர்தேவ் நன்றி சொல்லிவிட்டுச் சர்க்கரை கேட்டார். க்ளாரன்ஸ்தான் வாயைத் திறந்தார். "மறுபடியுமா? ஜூலையிலதானே போயிட்டு வந்தே?"

"போகல. கணவாய்கிட்ட பயந்து திரும்பிட்டேன். இத்தனை நாள் உங்ககிட்ட சொன்னதெல்லாம் புத்தகத்துல படிச்சது."

ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். குர்தேவ் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். க்ளாரன்ஸ் ஸ்பூனால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அது சரிடா. கண்காட்சிதான் போன மாசமே முடிஞ்சுபோச்சே. இந்தப் பனியில அவ்ளோ தூரம் போய் இனிமே என்னத்தைப் பார்க்கப் போறே?"

உன் அண்ணன் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"என் தங்கச்சியை" என்றார்.

அன்புடன்,
லோர்னா